மோல்டா எங்க கிடக்கு?

"தம்பி, மோல்டா எங்க கிடக்கு?"

மாடி அறை அண்ணன் இதைக் கேட்டது 2012 குளிர்காலத்தில். கிழக்கு லண்டனில் ஈஸ்ட் ஹாம். ஐந்து அறைகளில் ஒன்பது பேர் இருந்த வீடு. நான் மதுரைப் பக்கத்திலிருந்து படிக்கப் போனவன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருடம் ஆனவர், பெட்ரோல் நிலையத்தில் இரவு வேலை. காலை ஏழு மணிக்கு வீடு வருவார், தேத்தண்ணி போடுவார், போனைச் சமையலறை மேசையில் சாய்த்து வைத்து ரூலெட் ஆடுவார். சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் ஆடுவார், பக்கத்து அறையில் தூங்குபவர்களுக்காக. அப்படிப்பட்ட மனிதர்.

அந்த வீட்டில் எங்களுக்குள் ஒரு சீட்டு ஓடியது. அண்ணன் மூன்றாம் மாதமே கழிவு கூறிச் சீட்டை எடுத்தார். தங்கை கனடா போக ஏஜெண்டுக்குக் கட்ட வேண்டும் என்று சொன்னார். அது முழுக்க ரூலெட்டில் போனது எங்களுக்குத் தெரியவந்தபோது தை பிறந்திருந்தது. கட்டுக்காசை அவர் ஒரு மாதம்கூடத் தவறவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தோற்ற காசுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

என்னிடம் அவர் வந்தது வேறு விஷயமாக. இனிமேல் வேண்டாம், கணக்கை மூடுங்கள் என்று அந்தத் தளத்துக்கு அவர் எழுதியிருக்கிறார். மூடியிருக்கிறார்கள். ஆறு வாரம் கழித்து 'உங்களை மிஸ் பண்ணுகிறோம், இருபது பவுண்டு இலவசம்' என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. அந்த இருபது பவுண்டில் மறுபடி தொடங்கி எண்ணூறு போய்விட்டது. "நீர் இங்கிலீசு படிச்சனீர்தானே, ஒரு கடிதம் எழுதித் தாரும்" என்றார். யாருக்கு எழுதுவது? திரையை அடிவரை தள்ளிப் பார்த்தோம். சாம்பல் நிறத்தில் எறும்பு எழுத்து. கம்பெனி மால்டாவில் பதிவு செய்யப்பட்டது, லைசன்ஸ் மால்டாவுடையது, எண் இன்னது. ஆடியவர் லண்டன்காரர். சம்பளம் லண்டன் சம்பளம். லைசன்ஸ் மட்டும் மத்தியதரைக் கடலில், சிசிலிக்குத் தெற்கே, சென்னை மாநகராட்சியைவிடச் சிறிய ஒரு தீவு நாட்டில்.

கடிதம் எழுதவில்லை. "விடும் தம்பி, பிழை என்னிலதானே" என்று அவர் எழுந்து போய்விட்டார். கேள்வி என்னிடம் தங்கிவிட்டது. ஈஸ்ட் ஹாம் சமையலறையில் ஒருவர் தோற்பதற்கு மால்டா எப்படி அனுமதி கொடுக்க முடிந்தது?

சூது என்றதும் நமக்குப் பாஞ்சாலி சபதம் நினைவுக்கு வரும். தருமன் ஏன் ஆடினான் என்று தலைமுறை தலைமுறையாகப் பட்டிமன்றம் நடத்தியிருக்கிறோம். மண்டபம் யாருடையது என்று அதிகம் கேட்டதில்லை. ஐரோப்பாவின் சூதாட்டச் சட்ட வரலாறு முழுக்க மண்டபக்காரனின் வரலாறு.

அது வெனிசில் தொடங்குகிறது. 1638இல் வெனிஸ் குடியரசு, சான் மொய்சே பகுதியில் தாண்டொலோ குடும்பத்தின் மாளிகையில் அரசு அனுமதியோடு ஒரு சூதாட்டக் கூடம் திறந்தது. பெயர் ரிதொத்தோ. அதுவரை சந்துபொந்துகளில் திருட்டுத்தனமாக நடந்ததை ஒரே கூரைக்குக் கீழ் கொண்டுவந்தால் கண்காணிக்கலாம், காசும் வரும் என்பது கணக்கு. ஆட வருபவர்கள் முகமூடி போட வேண்டும். வங்கி வைத்து ஆட்டத்தை நடத்துபவர் பிரபு குலத்தவராக இருக்க வேண்டும், அவருக்கு முகமூடி கிடையாது. நொடித்துப்போன பிரபுக்களுக்கு அது ஒரு பிழைப்பாகவும் ஆனது. தோற்பவனுக்கு முகம் வேண்டாம், நடத்துபவனுக்கு முகம் வேண்டும். என் கணக்கில் ஐரோப்பாவின் முதல் லைசன்ஸ் நிபந்தனை இதுதான். 1774இல் பெருமன்றம் ஓட்டெடுத்து அதை மூடியது. நகரம் ஆடுவதை நிறுத்தவில்லை, தனியார் அறைகளுக்குத் திரும்பியது.

அடுத்த கதை எனக்கு இன்னும் பிடித்தது. பிரான்சுவா பிளாங், லூயி பிளாங் என்று இரட்டையர்கள். 1830களில் பிரான்சில் மின்தந்தி கிடையாது. குன்றுக்குக் குன்று கோபுரம் கட்டி, மரக்கைகளை ஆட்டிச் சைகை அனுப்பும் தந்திதான், அதுவும் அரசுக்கு மட்டும். பிளாங் சகோதரர்கள் தூர் நகரத் தந்தி ஊழியருக்குக் காசு கொடுத்து, அரசுச் செய்திகளுக்குள் வேண்டுமென்றே சில பிழைகளைச் செருகச் செய்தார்கள். பாரிஸ் பங்குச்சந்தை ஏறியதா இறங்கியதா என்பதுதான் அந்தப் பிழை. தபால் வண்டி வருவதற்கு முன்பே போர்தோ நகரில் இவர்களுக்கு விலை தெரிந்துவிடும். இரண்டு வருடம் நடந்தது. பிடிபட்டு வழக்கு வந்தபோது பார்த்தால், தந்தியைத் தனியார் இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று சட்டமே இல்லை. சட்டம் 1837இல் பிறகுதான் வந்தது. அதே ஆண்டின் கடைசி நாளோடு பிரான்ஸ் தன் சூதாட்ட விடுதிகளையும் மூடியது.

பிளாங்குகள் எல்லையைத் தாண்டினார்கள். ஹெஸ்ஸ-ஹோம்பூர்க் என்ற சின்னஞ்சிறு ஜெர்மன் சமஸ்தானத்துக்குக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அங்கே சூதாட்ட உரிமை வாங்கினார்கள். பக்கத்துப் பெரிய நாடு தடை செய்கிறது, காசில்லாத சின்ன நாடு கடை திறக்கிறது. தஸ்தயேவ்ஸ்கி ஹோம்பூர்க்கிலும் வீஸ்பாடனிலும் தோற்றது அந்த மேசைகளில்தான். 'சூதாடி' நாவலின் ரூலெட்டன்பர்க் இந்த ஊர்களின் வாரிசு. 1866இல் பிரஷ்யா இந்தச் சமஸ்தானங்களை விழுங்கியது, 1872 முடிவோடு ஜெர்மன் காசினோக்கள் மூடப்பட்டன. பிரான்சுவா பிளாங் அதற்குள் அடுத்த இடத்தைப் பிடித்துவிட்டார். 1863இலேயே மொனாக்கோவில் உரிமை வாங்கியிருந்தார். மொனாக்கோ அப்போது தன் நிலத்தில் மிகப் பெரும்பகுதியைப் பிரான்சிடம் இழந்து நின்ற நாடு. காசினோ வந்தது, 1869இல் குடிமக்களுக்கு வருமான வரியையே எடுத்துவிட்டார்கள். ஆனால் மொனாக்கோக் குடிமகன் அந்தக் காசினோவில் ஆடக் கூடாது. இன்றும் அதுதான் சட்டம். தன் வீட்டுப் பிள்ளை தொடக் கூடாத சரக்கை அடுத்த வீட்டுக்காரனுக்கு விற்பது குற்றமில்லை என்று அவ்வளவு வெளிப்படையாக எழுதிவைத்த நாடு அது.

இங்கிலாந்து வேறு வழியில் போனது. குதிரைப் பந்தயத்துக்குத் தெருமுனையில் காசு வாங்குவது அங்கே பல பத்தாண்டுகள் குற்றம். எல்லாரும் செய்தார்கள், போலீஸும் கண்டும் காணாமல் இருந்தது. 1961 மே 1 முதல் பெட்டிங் கடைகள் சட்டபூர்வமாயின. ஆனால் கடை கவர்ச்சியாக இருக்கக் கூடாது. கண்ணாடியை மறைக்க வேண்டும், குடிக்க எதுவும் தரக் கூடாது. 1986 வரை டிவிகூட வைக்க முடியாது. ஆடுபவனை ஆடவிடு, ஆசை காட்டாதே என்பது கொள்கை. 2005 சட்டம் இதைத் தலைகீழாக்கி, 2007 செப்டம்பரிலிருந்து டிவி விளம்பரத்தைத் திறந்துவிட்டது. அண்ணன் பார்த்த முதல் விளம்பரம் கால்பந்து இடைவேளையில் வந்தது. அவரே சொன்னது.

அதற்குள் கடையே ஊரைவிட்டுப் போயிருந்தது. 1990களின் முடிவில் பிரிட்டனில் ஒவ்வொரு பந்தயத்துக்கும் 9 சதவீதம் கழிப்பார்கள், அதில் 6.75 அரசுக்கு. விக்டர் சாண்ட்லர் என்ற புக்கி 1999இல் ஜிப்ரால்டருக்குப் போய் உட்கார்ந்து, தொலைபேசியிலேயே வரியில்லாப் பந்தயம் வாங்கத் தொடங்கினார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். 2001இல் நிதியமைச்சர் கோர்டன் பிரவுன் ஆடுபவர் மீதான அந்த வரியை எடுத்துவிட்டுக் கம்பெனியின் மொத்த லாபத்தில் 15 சதவீதம் என்று மாற்றினார். ஒரு போன் இணைப்பு ஒரு சாம்ராஜ்யத்தின் வரியை இறக்கிவிட்டது. இருந்தும் இணைய வியாபாரம் திரும்பி வரவில்லை. 2009இல் வில்லியம் ஹில், லாட்புரோக்ஸ் போன்ற பழம்பெரும் கம்பெனிகளே இணையக் கடையை ஜிப்ரால்டருக்கு மாற்றின. 2005 சட்டத்தின்படி ஐரோப்பியப் பொருளாதார வட்டத்தில் எந்த நாட்டு லைசன்ஸ் இருந்தாலும் பிரிட்டனில் விளம்பரம் செய்யலாம், ஆள் பிடிக்கலாம். ஜிப்ரால்டருக்கும் இதே சலுகை. அண்ணனின் மால்டா இந்த வாசல் வழியாகத்தான் எங்கள் சமையலறைக்கு வந்தது.

ஐரோப்பிய ஒன்றியம் என்ன செய்துகொண்டிருந்தது? ஒரு நாட்டில் விற்கும் பாலாடைக்கட்டியை இன்னொரு நாடு தடுக்க முடியாது என்பதுதான் ஒன்றியத்தின் அடிப்படை. சூதாட்டமும் பாலாடைக்கட்டியா?

1994இல் லக்சம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றத்துக்கு ஷிண்ட்லர் வழக்கு வந்தது. ஜெர்மன் லாட்டரி ஒன்றின் அழைப்புக் கடிதங்களை நெதர்லாந்திலிருந்து இங்கிலாந்துக்குத் தபாலில் அனுப்பியிருந்தார்கள், டோவர் துறைமுகத்தில் சுங்கம் பிடித்துவைத்தது. லாட்டரி ஒரு சேவைதான், ஆனால் மக்களைக் காக்க அதை ஒரு நாடு தடுக்கலாம் என்றது நீதிமன்றம். மார்ச்சில் தீர்ப்பு. மக்களைக் காக்க அந்நிய லாட்டரியைத் தடுத்த பிரிட்டன் தன் சொந்த தேசிய லாட்டரியின் முதல் குலுக்கலை நடத்தியது அதே வருடம் நவம்பரில்.

இதைக் கேட்க நீதிமன்றத்துக்கு ஒன்பது ஆண்டுகள் ஆயின. காம்பெல்லி வழக்கு. இத்தாலியில் அஸ்கோலி பிச்செனோ என்ற ஊர். காம்பெல்லியும் நூற்றுக்கு மேற்பட்டவர்களும் தெருக்கடைகளில் கம்ப்யூட்டர் வைத்து, பந்தயங்களை வாங்கி, லிவர்பூலில் லைசன்ஸ் வைத்திருந்த ஒரு பிரிட்டிஷ் கம்பெனிக்கு இணையம் வழியாக அனுப்பினார்கள். இத்தாலி கிரிமினல் வழக்குப் போட்டது. 2003 நவம்பர் 6 அன்று வந்த தீர்ப்பின் சாரம்: கஜானாவை நிரப்ப நீயே மக்களை ஆடச்சொல்லித் தூண்டிக்கொண்டிருந்தால், சமூக நலனைக் காக்கத்தான் வெளிக்காரனைத் தடுக்கிறேன் என்று சொல்ல முடியாது. தடுப்பதென்றால் முரணில்லாமல், உண்மையாகவே ஆட்டத்தைக் குறைக்க வேண்டும்.

நான் இந்த வரலாற்றில் அதிகம் நின்ற இடம் இது. இதற்குப் பிறகுதான் ஐரோப்பிய அரசுகளின் சூதாட்டச் சட்டங்களில் அடிமைத்தனம், பாதுகாப்பு, பொறுப்பு என்ற சொற்கள் கனத்தன. அதற்கு முன்பும் இருந்தன, முன்னுரையில். இப்போது அவை இல்லாமல் வழக்கில் ஜெயிக்க முடியாது. ஏகபோகத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால் ஆடுபவனைக் காப்பாற்றுவதாகக் காட்ட வேண்டும். கருணை வந்தது வக்கீல் வாசல் வழியாக. இதைக் கிண்டலாக மட்டும் சொல்லவில்லை. எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, வந்ததே என்று சொல்பவர்களும் உண்டு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது.

ஜெர்மனியில் இது கேலிக்கூத்தாக ஆனது. கிழக்கு ஜெர்மனி சாகக்கிடந்த 1990இல், தன் கடைசி மாதங்களில் சிலருக்குப் பந்தய லைசன்ஸ் கொடுத்துவிட்டுச் செத்தது. ஒன்றிணைந்த ஜெர்மனியிலும் அந்தக் காகிதங்கள் செல்லும் என்று வாதாடி, பீவின் போன்ற கம்பெனிகள் அவற்றோடு கூட்டு வைத்து வியாபாரம் செய்தன. செத்துப்போன அரசின் லைசன்ஸில் முதலாளித்துவப் பந்தயம்! 2006 மார்ச்சில் கார்ல்ஸ்ரூஹ அரசியல்சாசன நீதிமன்றம், அடிமைத்தனத்தைத் தடுப்பதற்காகவே என்றால்தான் அரசு ஏகபோகம் செல்லும் என்றது. மாநிலங்கள் 2008இல் இணையச் சூதாட்டத்தையே மொத்தமாகத் தடை செய்தன. 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் திரும்பவும் கேட்டது: லாட்டரிக்கு இவ்வளவு விளம்பரம் செய்கிறாயே, ஸ்லாட் மெஷின்களை இப்படித் திறந்துவிட்டிருக்கிறாயே, இதில் முரணின்மை எங்கே?

பிரான்சில் அதே 2006 செப்டம்பரில் பீவினின் இரண்டு தலைமை நிர்வாகிகளைப் போலீஸ் கைது செய்தது. கால்பந்து அணியொன்றுக்கு ஸ்பான்சர் ஆவதை அறிவிக்க வந்திருந்தார்கள். எந்த அணி? ஏ.எஸ். மொனாக்கோ. அணியின் பயிற்சி மைதானம் பிரெஞ்சு மண்ணில் இருந்தது, அதனால் கைது செய்ய முடிந்தது. பிளாங் இருந்திருந்தால் சிரித்திருப்பார். நான்கு வருடத்தில் பிரான்ஸ் மனம் மாறி, 2010 மே மாதம், உலகக் கோப்பைக்குச் சரியாக முன்பு, இணைய விளையாட்டுப் பந்தயத்துக்கும் குதிரைக்கும் போக்கருக்கும் லைசன்ஸ் கொடுக்கச் சட்டம் போட்டது. இணைய ரூலெட்டையும் ஸ்லாட்டையும் மட்டும் திறக்கவில்லை.

மால்டாவின் கனவுக்கு அடி விழுந்தது 2009இல், போர்த்துகல் வழியாக. லிஸ்பனில் சான்டா காசா என்ற தரும ஸ்தாபனம், 1498இல் தொடங்கியது, லாட்டரி ஏகபோகம் அதனுடையது. பீவின் போர்த்துகல் கால்பந்து லீக்கின் பெயரையே வாங்கியிருந்தது. வழக்கில் நீதிமன்றம் சொன்னது: இணையத்தில் ஆடுபவரும் நடத்துபவரும் ஒருவரையொருவர் பார்ப்பதில்லை, மோசடிக்கு வாய்ப்பு அதிகம். இன்னொரு நாட்டில் லைசன்ஸ் இருக்கிறது என்பது மட்டும் போதாது. அதாவது, சூதாட்டம் பாலாடைக்கட்டி இல்லை. ஒன்றியம் 2000இல் போட்ட மின்வணிக விதிகளும் 2006இல் போட்ட சேவை விதிகளும் சூதாட்டத்தை வெளியே நிறுத்தியிருந்தன. 2017 டிசம்பரில் ஐரோப்பிய ஆணையம் கையிலிருந்த சூதாட்ட வழக்குகளை எல்லாம் மூடிக் கைகழுவியது.

மால்டா 2004 மே 1 அன்று ஒன்றியத்தில் சேர்ந்தது. அதே வருடம் இணையச் சூதாட்டத்துக்கென்று தனி விதிகள் எழுதியது, ஒன்றியத்துக்குள் அதை முதலில் செய்தது அதுதான். ஒரு லைசன்ஸுக்கு எவ்வளவு வியாபாரம் நடந்தாலும் வருடத்துக்கு 4,66,000 யூரோவுக்கு மேல் சூதாட்ட வரி அப்போது இருக்கவில்லை. ஸ்வீடன்காரர்கள் வந்தார்கள், ஸ்லீமாவிலும் செயின்ட் ஜூலியன்ஸிலும் வாடகை ஏறியது. எண்ணெய் இல்லை, ஆறு இல்லை, பெரிய தொழிற்சாலை இல்லை. லைசன்ஸ் அச்சடிக்கும் உரிமை இருந்தது. ஹோம்பூர்க்கையும் மொனாக்கோவையும் படித்தபிறகு மால்டாவைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பெரிய நாடுகள் விட்டுவைத்த இடைவெளியில் சின்ன நாடு அரிசி பொறுக்குகிறது. ஆனால் அந்த அரிசி யார் வீட்டுப் பானையிலிருந்து வருகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2014 நவம்பரில் பிரிட்டன் விதியை மாற்றியது. எங்கிருந்து நடத்தினாலும் சரி, ஆடுபவர் பிரிட்டனில் இருந்தால் பிரிட்டிஷ் லைசன்ஸ் வேண்டும், டிசம்பரிலிருந்து 15 சதவீத வரியும் வேண்டும். நான் அப்போது வேறு ஊரில் வேலைக்குப் போயிருந்தேன். அண்ணனே போன் பண்ணினார். "தம்பி, அடியில இப்ப எங்கட நம்பர் போட்டிருக்கு. கண்டனீரோ?" நான் காணவில்லை. அவர் எப்படிக் கண்டார் என்று கேட்கவும் இல்லை.

பிறகு நாடு நாடாகச் சுவர் எழும்பியது. ஸ்வீடன் 2019, நெதர்லாந்தும் ஜெர்மனியும் 2021. ஜெர்மனியில் ஸ்லாட்டில் ஒரு சுற்றுக்கு ஒரு யூரோ, எல்லாத் தளங்களும் சேர்த்து மாதத்துக்கு 1,000 யூரோ உள்ளே போடலாம் என்பது பொதுவான வரம்பு. இத்தாலி 2018இல் விளம்பரத்தைத் தடை செய்தது. பிரிட்டன் 2020 ஏப்ரலில் கிரெடிட் கார்டைத் தடை செய்தது, 2025இல் இணைய ஸ்லாட்டுக்கு ஐந்து பவுண்டு உச்சவரம்பு, 25 வயதுக்குக் கீழே என்றால் இரண்டு. அண்ணன் தோற்ற காலத்தில் இதில் ஒன்றாவது இருந்திருந்தால் என்று நினைப்பேன். சீட்டுக் காசு ஒரே வாரத்தில் போயிருக்காது. ஆறு மாதம் ஆகியிருக்கும். அந்த ஆறு மாதத்துக்குள் யாராவது கவனித்திருப்போம்.

மால்டா சும்மா இருக்கவில்லை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியிலும் தோற்றவர்கள், 'இந்தக் கம்பெனிக்கு எங்கள் நாட்டு லைசன்ஸ் இல்லை, ஆகவே ஒப்பந்தமே செல்லாது, காசைத் திருப்பிக் கொடு' என்று வழக்குப் போட்டார்கள். ஜெயிக்கவும் செய்தார்கள். தீர்ப்பை எடுத்துக்கொண்டு மால்டாவுக்குப் போனால்தானே வசூல்? 2023 ஜூனில் மால்டா தன் சட்டத்தில் 56ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. மால்டா லைசன்ஸ்படி சட்டபூர்வமாக நடந்த வியாபாரத்துக்கு எதிரான வெளிநாட்டுத் தீர்ப்பை மால்டா நீதிமன்றங்கள் நிறைவேற்றக் கூடாது. வெனிசில் தோற்பவர்களுக்குக் கொடுத்த முகமூடியை இப்போது கடைக்காரருக்கு மாட்டிவிட்டார்கள். ஒன்றியத்தில் ஒரு நாட்டுத் தீர்ப்பை இன்னொரு நாடு மதிக்க வேண்டும் என்பது அடிப்படை என்பதால், 2025 ஜூனில் ஐரோப்பிய ஆணையம் மால்டாவுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

அண்ணன் 2020இல் கேம்ஸ்டாப்பில் பெயர் கொடுத்தார். பிரிட்டிஷ் லைசன்ஸ் உள்ள எல்லா இணையத் தளங்களும் அந்த வருடம் மார்ச் கடைசி முதல் அதில் சேர்ந்தே ஆக வேண்டும் என்று ஆகியிருந்தது. ஒரு படிவம் நிரப்பினால் எல்லாக் கதவும் மூடும். ஐந்து வருடத்துக்கு மூடினார். நிரப்பிக் கொடுத்தது நான்தான், போனில் அவர் பிறந்த தேதி சொல்லச் சொல்ல. இந்தமுறை 'உங்களை மிஸ் பண்ணுகிறோம்' வரவில்லை. வேலையை இரவிலிருந்து பகலுக்கு மாற்றிக்கொண்டார். மகளின் பள்ளிப் படம் அனுப்புவார். லைசன்ஸ் நிபந்தனைகளை நான் கிண்டலடிக்கும்போதெல்லாம் அந்தப் படங்கள் குறுக்கே வரும்.

போன மாசி மாதம் இரவு பதினொன்றரைக்கு வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. பச்சை மேசை, சுழலும் சக்கரம், 'கேம்ஸ்டாப்பில் இல்லாத தளம்' என்று அதையே பெருமையாகப் பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். திரையின் அடிப்பகுதியை விரலால் வட்டமிட்டு அனுப்பியிருந்தார். அதே சாம்பல் நிறம், எறும்பு எழுத்து. கீழே அவருடைய குரல் பதிவு, நான்கு விநாடி. பின்னால் டிவி சத்தம், யாரோ சிரிக்கிறார்கள்.

"தம்பி, குராசோ எங்க கிடக்கு?"